மைக்ராஸ்கோப்பைக் கூரியரில் அனுப்பச் சொன்ன என் மகனுக்கு

என் ஐயா,

பெட்டியைத் திறந்ததும் முதலில் உன் கையில் அகப்படுவது இந்தக் கடிதமாகத்தான் இருக்கும். வேண்டுமென்றே மேலாக வைத்திருக்கிறேன். மைக்ராஸ்கோப்பை இப்போதே தொட்டுவிடாதே. கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்து இதைப் படி. உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்று எனக்குத் தெரியும். தாராவியில் பிறந்து செம்பூரில் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போன பிள்ளை நீ. பஸ் போர்டில் இருக்கிற மராத்தியை ஓடிக்கொண்டே படித்துவிடுவாய், அம்மா எழுதிய தமிழை மட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். "வாய்ஸ் மெசேஜ் போடேம்மா" என்பாய். போட மாட்டேன். நீ எழுத்துக் கூட்டிப் படிக்கிற அவ்வளவு நேரமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. அந்த ஆசையில்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஹோலி முடிந்த வாரம் நீ போன் செய்து, "எம்மா, ஒன் பழைய மைக்ராஸ்கோப்ப கூரியர்ல போட்டு விடுதியா?" என்று கேட்டாய். உங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பது கரண்டில் விளக்கு எரிகிற மைக்ராஸ்கோப், அந்தக் காட்டு ஊரில் மழை பிடித்தால் நாள்கணக்கில் கரண்டு இருக்காது, அம்மாவுடையது கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடிக்கிற பழைய மாடல், பகல் இருக்கிறவரை அதில் வேலை ஓடும் என்று சொன்னாய். கூரியரில் போட்டால் லென்ஸ் ஆடிப்போகும், நீயே வந்து எடுத்துக்கொண்டு போ என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் லென்ஸுக்காக மட்டும் சொன்னதும் இல்லை. நீ கட்சிரோலிப் பக்கம் லேப் டெக்னீஷியனாகப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கணபதிக்கு வருகிறேன் என்றாய், பொங்கலுக்கு வருகிறேன் என்றாய். ஒவ்வொரு தடவையும் மாற்றி விட ஆள் இல்லை, லீவு இல்லை. இந்த ஒரு சாமானைக் காட்டியாவது உன்னை ஒருமுறை வாசலுக்கு வரவழைத்துவிடலாம் என்று நினைத்தேன். உன் அப்பாவுக்கு இதில் என்னைவிடப் பிடிவாதம். "ஏளா, எத வேணும்னாலும் குடுத்து விடு, அத மட்டும் குடுத்து விட்டுராத. அது இங்க கெடந்தாத்தான் அவன் வருவான்" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு எப்படி அது உன்னிடம் வந்து சேர்ந்தது என்று நினைப்பாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் அதைப் பெட்டியிலிருந்து எப்படி எடுப்பது என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உன்னை எனக்குத் தெரியும், இடது கையில் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையை உள்ளே விட்டிருப்பாய்.

ஒரு கையால் முதுகு மாதிரி வளைந்திருக்கிற பாகத்தைப் பிடி. இன்னொரு கையை அடியில் கொடு. குழாயைப் பிடித்துத் தூக்காதே, ஸ்லைடு வைக்கிற மேடையைப் பிடித்தும் தூக்காதே. சாய்க்காதே. சாய்த்தால் மேலே கண் வைக்கிற லென்ஸ் நழுவி விழும், அதை யாரும் திருகி வைக்கவில்லை, சும்மா செருகித்தான் இருக்கிறது. மேஜையில் வைக்கும்போதும் ஓரத்தில் வைக்காதே. உனக்கு இதெல்லாம் காலேஜில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் இதை சயானிலிருந்து செம்பூர் வரைக்கும் லோக்கல் ரயிலில் தூக்கி வந்திருக்க மாட்டார்கள்.

நான் வந்தேன். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் நான் வேலை பார்த்த லேபில் புது மைக்ராஸ்கோப் வாங்கினார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, பழையதை நீயே வைத்துக்கொள், உன் கைக்குப் பழகியது என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது இந்த மரப்பெட்டி கிடையாது. ஒரு ரோஸ் டவலைப் போட்டு மூடி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சயானில் லேடீஸ் டப்பாவில் ஏறிவிட்டேன். கணபதிக்குச் சில நாள்தான் இருந்தது. ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கணபதி ஹை க்யா?" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒருத்தி டவலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குர்லாவில் வண்டி மாற இறங்கும்போது, "ஜாகா தோ, ஜாகா தோ" என்று அவர்களே வழி விலக்கி என்னை இறக்கிவிட்டார்கள். அத்தனை வருஷம் அந்த ரயிலில் போய்வந்ததில் என்னை இடிக்காமல் இறக்கிவிட்டது அன்றைக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் நீ தரையில் உருண்டு சிரித்தாய். உன் அப்பா சிரிக்கவில்லை. "சாமின்னு நெனச்சுக் கும்புட்டுட்டாங்கன்னா அது சாமிதான்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சுதான் பின்னால் வினையாக வந்தது.

வினை ஆயுத பூஜை அன்றைக்கு வந்தது. பாண்டுப்பில் தான் வேலை பார்க்கிற பட்டறையில் லேத் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த உன் அப்பா, குளித்து, உன் புத்தகங்களையும் அவருடைய அளவுகோல்களையும் என் தையல் மெஷினையும் வரிசையாக வைத்தார். மைக்ராஸ்கோப்பும் வந்து உட்கார்ந்தது. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், கண் வைக்கிற லென்ஸில் நடுவாக ஒரு சந்தனப் பொட்டு, அதற்கு மேல் குங்குமம். கீழே இருக்கிற மூன்று லென்ஸிலும் ஆளுக்கு ஒரு பொட்டு. கற்பூரத்தைக் கிட்டத்தில் காட்டியதில் கண்ணாடி முழுக்கக் கரி. எனக்கு உயிரே போய்விட்டது. "என்ன காரியம் பண்ணிட்டிய" என்றேன். "மெஷினுன்னா பொட்டு வைக்கணும்லா. வைக்காட்டித்தான் ரிப்பேர் ஆவும்" என்றார். "லேத்துக்குக் கண்ணு கெடையாது, இதுக்குக் கண்ணு இருக்குல்லா" என்றேன். என் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துபோய், தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரே அழுத்தித் துடைத்தார். சந்தனம் போயிற்று. குங்குமத்தூள் லென்ஸை அறுத்துவிட்டுப் போயிற்று. நாற்பது என்று எழுதியிருக்கிற லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பார், ஓரத்தில் கீறல் தெரியும். அது உன் அப்பாவுடைய பக்தி.

அதனால் துடைப்பதில் அவசரப்படாதே. முதலில் தூசியை ஊதி எடு. வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். காது கழுவுகிற மாதிரி ஒரு ரப்பர் பந்து பெட்டியில் இருக்கிறது, அதை அமுக்கி ஊது. பிறகு லென்ஸ் துடைக்கிற காகிதம், அதுவும் பெட்டியில் இருக்கிறது. சட்டை நுனி கூடாது, கைக்குட்டை கூடாது, பஞ்சு என்று மருந்து கட்டுகிற இடத்திலிருந்து எடுத்து வருவாய், அதுவும் கூடாது. துடைக்கிற மருந்தைக் காகிதத்தில் ஒரு சொட்டு விடு, லென்ஸில் விடாதே. நடுவில் ஆரம்பித்து வட்டமாக வெளியே வா, அழுத்தாதே. நூறு லென்ஸுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தால் வேலை முடிந்ததும் அன்றைக்கே துடைத்துவிடு. எண்ணெய் இருக்கிற ஸ்லைடின் மேல் நாற்பது லென்ஸைத் திருப்பிக் கொண்டுவராதே, அது எண்ணெயில் தோய்ந்துவிடும். எண்ணெயை எடுக்கிற சைலீனை ஊற்றிக் குளிப்பாட்டாதே, லென்ஸைப் பிடித்திருக்கிற பசை இளகிவிடும். உள்ளே அழுக்கு இருக்கிற மாதிரித் தெரிந்தால் ஸ்க்ரூடிரைவர் எடுக்கும் புத்தி உனக்கு அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. எடுக்காதே. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க வேண்டுமென்றால் பெட்டியின் மேல் வை. இங்கே அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தோம், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஈரம்தான் இதற்கு எமன். மும்பை மழையில் செருப்பு பூத்துவிடுகிறது, லென்ஸ் பூக்காதா? ஒரு ஆடியில் கவனிக்காமல் விட்டேன், லென்ஸுக்குள் ஒட்டடை கட்டின மாதிரிப் பூஞ்சை படர்ந்துவிட்டது. ரிப்பேர் செய்கிறவர் பிரித்துச் சுத்தம் செய்து தருகிறவரை எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. அதிலிருந்து தாராவியில் தோல் பை விற்கிற அண்ணாச்சி கடைக்குப் போய், பைகளுக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவேன். "எல்லாரும் பை வாங்க வாராங்க, நீங்க மட்டும் பைக்குள்ள கெடக்க பொட்டலத்துக்கு வாரிய, எக்கா" என்று அவர் கேலி செய்வார். ஆனாலும் எனக்கென்று சேர்த்து வைத்திருப்பார். உனக்குக் கடையில் நீல மணிகளே வாங்கி ஒரு துணி முடிச்சில் வைத்திருக்கிறேன். நீலம் ரோஸாக மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். மெல்லிய சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். அதற்கென்று தனிச் சட்டி வைத்துக்கொள், சமைக்கிற சட்டி கூடாது, அந்த நீலம் வயிற்றுக்கு ஆகாது. பிளாஸ்டிக் பையைப் போட்டு இறுக்கிக் கட்டி வைக்காதே, உள்ளேயே வியர்த்துப்போகும். மழை விட்டு வெளுக்கிற நாளில் பெட்டியைத் திறந்து காற்றாட விடு, ஆனால் வெயிலில் வைக்காதே.

வெயில் என்றதும் எனக்குக் கை நிற்கிறது. உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ மூன்றாம் கிளாஸ். வெங்காயத் தோலை உரித்து நீயே ஸ்லைடில் வைத்துவிட்டாய். அம்மாவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனாய். வெளிச்சம் போதவில்லை என்று அடியில் இருக்கிற கண்ணாடியை நேராகச் சூரியனுக்குத் திருப்பிவிட்டுக் கண்ணை வைத்தாய். "எம்மா, ஒரே வெள்ளையா இருக்கு" என்று நீ சொன்ன குரலைக் கேட்டு நான் ஓடிவந்து உன் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். அன்று சாயங்காலம் சுவரில், சோற்றில், என் முகத்தில், எங்கே பார்த்தாலும் ஒரு கறுப்புப் பொட்டு தெரிகிறது என்றாய். கண் டாக்டர், இரண்டு நாள் பார்ப்போம், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலண்டரில் கிழமையைப் படி, தேதியைப் படி என்று உன்னைப் பாடாய்ப் படுத்தினேன். ஊரார் சளியிலும் ரத்தத்திலும் கிருமி பார்க்க வைத்திருந்த சாமான் என் பிள்ளையின் கண்ணைத் தின்றுவிட்டதோ என்று பயந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கறுப்புப் பொட்டு மங்கி மறைந்தது. என் பயம் இன்றைக்கும் போகவில்லை.

இப்போது நீ பகல் வெளிச்சத்தை நம்பித்தான் வேலை செய்யப் போகிறாய். ஆகவே கேள். சூரியனை இந்தக் கண்ணாடிக்குக் காட்டவே காட்டாதே. வானம் தெரிய வேண்டும், சூரியன் தெரியக் கூடாது, அப்படி ஒரு ஜன்னல் பார்த்து மேஜையைப் போடு. மேகம் மூடின வானம் மாதிரி நல்ல விளக்கு கிடையாது. வெயில் நாளில் எதிர்ச்சுவரின் வெள்ளையிலிருந்து வருகிற வெளிச்சத்தை எடு. எழுந்து போகும்போது உறையைப் போட்டு மூடிவிட்டுப் போ. உங்கள் ஆஸ்பத்திரிக்குக் குழந்தைகள் வருவார்கள், எல்லாப் பிள்ளைக்கும் கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கிற ஒரு வயசு இருக்கிறது.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லென்ஸை இறக்கும்போது பக்கவாட்டில் குனிந்து வெளியே பார், ஏற்றும்போது மட்டும் உள்ளே பார். உள்ளே பார்த்துக்கொண்டே இறக்கினால் ஸ்லைடும் நொறுங்கும், லென்ஸும் போகும். ரத்தம் பட்ட கையுறையோடு திருகைத் தொடாதே, அதே கை கண்ணுக்குப் போகும். குத்தின ஊசிக்கு மறுபடி மூடி போடாதே, நேராக ஊசி டப்பாவில் போடு. உடைந்த ஸ்லைடை விரலால் பொறுக்காதே. அந்த மேஜையில் டீ குடிக்காதே. குடிப்பாய், தெரியும், குடிக்காதே.

இன்னொன்று, இதை யாரும் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. இது ஒற்றைக் கண் மைக்ராஸ்கோப். புதிதாகப் பார்க்கிறவர்கள் மற்றக் கண்ணை இடுக்கி மூடிக்கொள்வார்கள். மத்தியானத்துக்குள் தலை இடிக்கும். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துப் பார். கொஞ்ச நாளில் ஒரு கண் ஸ்லைடைப் பார்க்கும், இன்னொரு கண் தன்பாட்டுக்குச் சும்மா இருக்கப் பழகிவிடும். எனக்கு அந்த இன்னொரு கண் சும்மா இருந்ததில்லை. நீ சின்னக் கிளாஸில் இருந்தபோது ஸ்கூல் விட்டதும் உன்னைத் தாராவி லேபுக்குக் கூட்டி வந்துவிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? வலது கண்ணில் நீலத்தில் சிவப்புக் கோடாக டிபி கிருமி. இடது கண்ணோரத்தில் பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு ஹோம்வொர்க் எழுதுகிற நீ. பென்சிலைக் கடிப்பாய், நான் ஸ்லைடிலிருந்து தலையை எடுக்காமலே "கடிக்காத" என்பேன். உனக்கு ஒரே ஆச்சரியம், அம்மாவுக்கு மைக்ராஸ்கோப்பில் நான் எப்படித் தெரிகிறேன் என்று. இப்போதும் நான் செம்பூர் லேபில் பாதி நாள் வேலைக்குப் போகிறேன். அங்கே இரட்டைக் கண் மைக்ராஸ்கோப், இரண்டு கண்ணையும் உள்ளே வைத்துவிட வேண்டும். வேலைக்கு அது வசதிதான். எனக்குத்தான் பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, ஐயா. தலையைத் தூக்கினால் பெஞ்சில் யாராவது ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள். உன்னைக் காணவில்லை.

சரி, ஏன் மனசு மாறினேன் என்று சொல்கிறேன். முந்தாநாள் புதன்கிழமை உங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் சுனந்தா சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். தேவ்நாரில் அண்ணன் வீட்டுக்கு வந்தவர், உன் அம்மாவைப் பார்க்காமல் போகக் கூடாது என்று வந்திருக்கிறார். நான் இட்லி வைத்தேன், அவர் உன்னைப் பற்றிப் பேசினார், நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இளைத்துவிட்டாயா என்று கேட்டேன், சிரித்தார். பேச்சுவாக்கில், போன மழையில் கரண்டு போன நாட்களில் நீ ஸ்லைடுகளைப் பெட்டியில் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு, கரண்டு இருக்கிற ஊருக்கு பைக்கில் போவாய் என்றார். வழியில் ஓடை உண்டாம். தண்ணீர் ஏறினால் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி நடப்பாயாம். அங்கே பார்த்து முடித்துத் திரும்பி வருகிறவரை காய்ச்சல்காரர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருப்பார்களாம். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அந்த அம்மா சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். சொல்லியிருந்தால் பயந்திருப்பேன், அதனால்தான் சொல்லவில்லை. "எம்மா, பாரிஷ் ஆரம்பிச்சா இங்க லைட் இருக்காதும்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் அதைக் காதில் வாங்காமல், அப்படியானால் மழைக்கு முன்னாலேயே வா என்றேன். மழை முடிந்து வருகிறேன் என்றாய். மழைக்கு வேண்டிய சாமானை, மழை முடிந்து வருகிறவனுக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிஸ்டர் போன பிறகு எனக்குத் தாராவி லேபில் ஒரு நாள் நினைவுக்கு வந்தது. பகல் முழுக்க மழை, கரண்டு இல்லை. அப்போது இந்த மைக்ராஸ்கோப்தான். நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மடியில் காய்ச்சலோடு பெண் குழந்தை. "எக்கா, இப்பவே பாத்துச் சொல்லுதியளா, வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வார தெம்பு எனக்கு இல்ல" என்றாள். நான் மேஜையை இழுத்து வாசலில் போட்டு, தெருவில் இருந்த கொஞ்ச வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன். மலேரியா இருந்தது. மருந்து வாங்கிக்கொண்டு அப்போதே போனாள். அவளிடம் நான், என் மகன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேனா? இப்போது அதைத்தான் முகம் தெரியாத ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று பட்டது. அதோடு, நான் பெற்ற பிள்ளை ஓடையில் இறங்கி நடக்கிறான். அந்த நினைப்புக்கு அப்புறம் எனக்குச் சாமானாவது தூண்டிலாவது.

சிஸ்டர் வெள்ளிக்கிழமை ரயிலில் திரும்புகிறார் என்று கேட்டு வைத்திருந்தேன். புதன்கிழமை சாயங்காலமே உன் அப்பாவிடம் சொன்னேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் பட்டறையிலிருந்து வரும்போது ஒரு பையில் மரக்கட்டைகளும் பஞ்சுத் துண்டுகளும் கொண்டுவந்தார். பெட்டிக்குள் மைக்ராஸ்கோப்பை நிறுத்தி, குழாய்க்கு ஒரு கட்டை, காலுக்கு இரண்டு கட்டை என்று அளந்து அளந்து செதுக்கினார். "நீங்கதான குடுத்து விடாதன்னு சொன்னிய?" என்றேன். "நான் குடுத்து விடல, நீ குடுத்து விடுத. ஆனா போற சாமான் ஆடாமப் போவணும்லா" என்றார். பெட்டியை மூடி, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. அப்புறம் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அந்தக் கட்டைகளைத் தூக்கி எறியாதே, பத்திரமாக வை.

இன்று காலை அப்பாவும் நானும் டாக்ஸி வைத்து குர்லா டெர்மினஸுக்குப் போகப் போகிறோம். சிஸ்டரிடம் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அலமாரியில் இது இருந்த இடத்தைத் துடைத்துவிட்டேன். அங்கே வேறு எதையாவது வைக்கலாம் என்று பார்த்தேன், வைக்க மனம் வரவில்லை.

எனக்கு இப்போது ஒரு பயம் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை மாதமும் உன்னைக் கூப்பிட என் கையில் ஒரு சாக்கு இருந்தது. லென்ஸ் ஆடும், நீயே வா என்று அதட்டலாகச் சொல்ல முடிந்தது. பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, வா என்று சொல்ல எனக்கு வராது, உனக்கும் தெரியும், நான் அப்படி வளர்ந்தவள் இல்லை. அதனால்தான் சாமானின் பின்னால் ஒளிந்துகொண்டு கூப்பிட்டேன். இன்றைக்கு அதுவும் உன்னிடம் வந்துவிட்டது. இனி நீ வந்து எடுத்துக்கொண்டு போக இந்த வீட்டில் ஒரு சாமானும் கிடையாது. நானும் உன் அப்பாவும்தான் இருக்கிறோம். மழை முடிந்து, காய்ச்சல் குறைந்து, உனக்கு மாற்று ஆள் கிடைக்கும்போது, ஒரு வேலையும் இல்லாமல், எதையும் எடுத்துப் போக வேண்டியது இல்லாமல், சும்மா வா ஐயா.

அம்மா